ரேசன் கடை மிஷினில் ரேகை விழவில்லை என்றால் என்ன செய்வது?

அவிநாசிப் பக்கத்திலிருந்து ஒரு பேத்தி கேட்டிருக்கும் கேள்வி இது: "எங்க அம்மாயிக்கு 68 வயசுங்க. இருபது வருசத்துக்கு மேல ப்ளீச்சிங் பட்டறையில வேலை பார்த்தவங்க. மூணு மாசமா ரேசன் கடை மிஷின்ல ரேகை விழ மாட்டேங்குது. தனிக் கார்டு, வேற பேரு அதுல இல்லை. முதியோர் பென்ஷன் எடுக்கற இடத்துலயும் இதே கதைதான். ரேகை திரும்ப வருமா? வரலைன்னா என்ன பண்றதுங்க?"

பெரும்பாலும் வரும். வராமல் போனாலும் அரிசியோ பணமோ அதனால் நிற்கக் கூடாது, அதற்கு மாற்று வழிகள் இருக்கின்றன. ஆனால் முதலில் கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும். விரலில் இருக்கலாம், மிஷினில் இருக்கலாம், ஆதாரில் பதிந்து வைத்திருக்கும் பழைய பதிவிலும் இருக்கலாம். "ரேகை விழல" என்று கடைக்காரர் சொல்லும் ஒரே வார்த்தைக்குள் இந்த மூன்றும் கலந்து கிடக்கின்றன. எது என்று தெரியாமல் மாதாமாதம் போய் அதே விரலை அதே கண்ணாடியில் வைத்துப் பயனில்லை.

முதலில் விரல். ரேகை என்பது தோலின் மேல்பரப்பில் மட்டும் இருக்கும் கோடு இல்லை. கருவில் மூன்றாம் மாதவாக்கில் தொடங்கி ஆறாம் மாதத்துக்குள் மேல்தோலும் அடித்தோலும் சேரும் இடத்தில் அதன் அமைப்பு உருவாகிவிடும். நாம் பார்ப்பது அந்த அமைப்பு மேலே எழுந்து தெரியும் வரப்புகளை. மேல்தோல் ஏறக்குறைய ஒரு மாதத்தில் புதுப்பித்துக்கொள்ளும். தறியில் பாவு அறுபடாத வரை ஊடையை எத்தனை தடவை வேண்டுமானாலும் நெய்துகொள்ளலாம், அதுபோல அடியில் இருப்பது கெடாத வரை தேய்ந்த ரேகை அதே அமைப்பில் திரும்ப எழும். ஆழமான தீக்காயம், ஆசிட் காயம், தையல் போட்ட வெட்டு ஆகியவை அடித்தோல் வரை போனால் அந்த இடத்தில் தழும்புதான் நிற்கும், ரேகை வராது.

ப்ளீச்சிங் வேலையில் கை படும் காஸ்டிக் சோடாவும் ப்ளீச்சிங் பவுடர் தண்ணியும் கடுமையான காரம். தோலின் எண்ணெய்ப் பசையை எடுத்துவிட்டு, மேல்தோலை ஊற வைத்து மென்மையாக்கும். அப்படி ஊறிய விரலால் ஈரத்துணியை இழுக்கும்போது வரப்பு உராய்ந்து போகிறது. சிமெண்ட் கலவையும் இதே மாதிரிதான். ஈரச் சிமெண்டின் காரத்தன்மை பி.எச். 12க்கு மேல் இருக்கும், கூடவே மணல் வேறு. கொங்குப் பக்கம் இந்தத் தொல்லை வராத தொழிலை எண்ணுவதுதான் கடினம். பொள்ளாச்சியில் மட்டை உரிப்பவர்கள், காங்கயத்துக் களங்களில் தேங்காய் உடைத்துப் பருப்பு எடுப்பவர்கள், ஈரோட்டு மஞ்சள் களத்தில் இருப்பவர்கள், பவானியில் ஜமக்காளம் நெய்பவர்கள், வால்பாறையில் தேயிலை பறிப்பவர்கள், கோயமுத்தூர் ஃபவுண்டரியில் மணல் வேலை செய்பவர்கள், கல் குவாரி ஆட்கள் என எல்லோருக்கும் பெருவிரலும் ஆள்காட்டி விரலும்தான் முதலில் தேயும். பிடிப்பும் அழுத்தமும் அவற்றில்தான் அதிகம். மோதிர விரலும் சுண்டு விரலும் பெரும்பாலும் கொஞ்சம் தப்பித்திருக்கும், மிஷினில் இது உதவும்.

வயது தனிக் காரணம். வயதாக ஆகத் தோல் இழுவை குறைந்து, வரப்பின் உயரம் தணிந்து, வியர்வையும் எண்ணெயும் குறைகிறது. குறுக்கே சுருக்கக் கோடுகள் விழுந்து ரேகையை வெட்டுகின்றன. அம்மாயி பட்டறையை விட்டு எத்தனை நாள் ஆகிறது என்று கேள்வியில் இல்லை. விட்டு ஒன்றிரண்டு மாதம் தாண்டியும் எழவில்லை என்றால் மீதி வயதின் வேலை என்று வைத்துக்கொள்ளலாம்.

மருந்தையும் நோயையும் மறந்துவிடக் கூடாது. கை கரப்பான், சொரியாசிஸ், உள்ளங்கை உரியும் நோய்கள் எல்லாம் ரேகையைத் தற்காலிகமாக மறைக்கும். மார்பகப் புற்றுநோய்க்கும் குடல் புற்றுநோய்க்கும் கொடுக்கும் கேப்பசிட்டபின் மாத்திரை சிலருக்கு உள்ளங்கையும் பாதமும் சிவந்து உரியும்படி செய்யும். அதில் ரேகையே மறைந்துபோன ஒரு சிங்கப்பூர்க்காரரை அமெரிக்க விமான நிலையத்தில் நான்கு மணி நேரம் நிறுத்தி வைத்த விவரத்தை அவருடைய மருத்துவர் 2009ல் மருத்துவ இதழில் எழுதினார். வீட்டில் யாராவது இந்த மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்றால் மருத்துவரிடம் அதைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ரேகைக்காக மாத்திரையை நிறுத்தும் எண்ணம் மட்டும் வேண்டாம்.

பிறவியிலேயே ரேகை இல்லாதவர்களும் உலகில் சில குடும்பங்களில் இருக்கிறார்கள். சுவிட்சர்லாந்துக் குடும்பம் ஒன்றை ஆராய்ந்து, ஸ்மார்கேட்1 என்ற மரபணுவில் வரும் மாற்றம்தான் காரணம் என்று 2011ல் கண்டார்கள். மிக அரிது. அம்மாயி முன்பு ரேகை வைத்தவர் என்பதால் இது அவருக்குப் பொருந்தாது.

இனி மிஷின். கடைகளில் இருப்பதில் பெரும்பாலானவை கண்ணாடியின் அடியிலிருந்து ஒளி வீசிப் படம் பிடிக்கும் வகை. வரப்பு கண்ணாடியைத் தொடும் இடம் கறுப்பாகவும், பள்ளம் வெள்ளையாகவும் விழும். விரல் காய்ந்திருந்தால் வரப்பு கண்ணாடியோடு சரியாக ஒட்டாது, கோடுகள் புள்ளி புள்ளியாக உடையும். ஈரமாக இருந்தால் பள்ளத்திலும் தண்ணீர் நின்று கோடுகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். ஓங்கி அழுத்தினால் வரப்பு நசுங்கி அதே கதி. மிஷின் முழுப் படத்தை ஒப்பிடுவதில்லை. கோடு எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகப் பிரிகிறது என்ற புள்ளிகளைத்தான் எடுத்து ஒப்பிடுகிறது. காய்ந்த விரலில் ஒரு கோடு மூன்று துண்டாக விழுந்தால், இல்லாத இடத்திலெல்லாம் முடிவுப் புள்ளிகள் தோன்றிவிடும். அதனால்தான் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் ரேகையையும் மிஷின் ஏற்க மறுக்கிறது.

கடைக்குப் போவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து இரவில் படுக்கும்போது விரல்களுக்குத் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவி வரச் சொல்லுங்கள். அந்த வாரம் சோப்புத் தூள், பாத்திரம் துலக்கும் பவுடர், சாம்பல் இவற்றில் கை படாமல் இருந்தால் நல்லது. போகும் அன்று எண்ணெய் கூடாது. சாதாரண சோப்பில் கை கழுவி, துணியால் நன்றாகத் துடைத்து, ஐந்து பத்து நிமிடம் விட வேண்டும். அப்போதும் விரல் வறண்டு சொரசொரப்பாக இருந்தால் ஈரத்துணியில் லேசாக ஒற்றி, காய்ந்த துணியில் ஒரு தடவை தொட்டு எடுத்து வைக்கலாம். எலுமிச்சம்பழம் தேய்ப்பது, சுண்ணாம்பு வைப்பது, பீர்க்கங்காய் நாரில் தேய்ப்பது போன்ற கைவைத்தியம் எதுவும் வேண்டாம். மிச்சமிருக்கும் மேல்தோலும் அதில் போகும்.

விரலை வைக்கும்போது நுனியை ஊன்றக் கூடாது. நகத்துக்கு நேர் கீழே இருக்கும் மேட்டுப்பகுதி முழுதும் கண்ணாடியில் படுக்க வேண்டும், சுழி அங்கேதான் இருக்கிறது. மெதுவாக வைத்து, விளக்கு அணையும் வரை அசைக்காமல் இருக்க வேண்டும். வயதானவர்களின் கையை நாம் பிடித்து அழுத்துவதுதான் நிறைய இடங்களில் கெடுக்கிறது. மணிக்கட்டைத் தாங்கிக் கொடுங்கள், விரலை அவரே வைக்கட்டும். கண்ணாடியில் முந்தின ஆளின் எண்ணெய்ப் படிவு இருந்தால் காய்ந்த மென்மையான துணியால் துடைக்கச் சொல்லுங்கள். மிஷின் மேல் நேர் வெயில் விழுந்தாலும் படம் கெடும், நிழலுக்கு நகர்த்தக் கேட்கலாம். பத்து விரலையும் முயலலாம் என்பது பலருக்குத் தெரியாது. மோதிர விரலில் தொடங்குங்கள். எது விழுந்ததோ அதை நினைவில் வைத்து, அடுத்த மாதம் அந்த விரலையே நேராக வைக்கச் சொல்லுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகும் விழவில்லை என்றால் திரையில் வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 300 என்று வந்தால் இப்போது வைத்த ரேகை பதிவோடு ஒத்துப்போகவில்லை என்று பொருள். 330 என்றால் ஆதாரில் யாரோ ரேகையைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். வீட்டில் பேரப்பிள்ளைகள் பாதுகாப்புக்காக ஃபோனில் பூட்டிவிட்டு மறந்துபோவது உண்டு, எம்ஆதார் செயலியில் திறந்துவிட்டால் தீர்ந்தது. 811 வந்தால் ஆதார் பதிவில் ரேகையே இல்லை, அங்கே விரலைத் தேய்த்துக்கொண்டிருப்பதில் பொருளில்லை. 998 வந்தால் ஆதார் எண்ணில் கோளாறு. தப்பாக அடித்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள்.

கடைக்காரர் எண்ணைச் சொல்லவில்லை என்றாலும் கவலையில்லை. ஆதார் ஆணையத்தின் இணையதளத்தில் அம்மாயியின் ஆதார் எண்ணைக் கொடுத்து, ஃபோனுக்கு வரும் ஓடிபியைப் போட்டால் கடைசி ஆறு மாதத்தில் எங்கெங்கே ரேகை வைத்தார், என்ன முடிவு, என்ன எண் என்று 50 பதிவுகள் வரை பார்க்கலாம். இதை அச்செடுத்து வைத்துக்கொள்வதை வற்புறுத்திச் சொல்வேன். பின்னால் மனு கொடுக்கும்போது "இத்தனை தேதிகளில் போய் வைத்தேன், விழவில்லை" என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. ஆனால் இதற்கு ஆதாரில் அம்மாயியின் ஃபோன் நம்பர் சேர்ந்திருக்க வேண்டும். சேர்ந்திருக்கவில்லை என்றால் முதல் வேலை அதுதான்.

300 திரும்பத் திரும்ப வந்தால் ஆதார் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். பலருடைய ரேகை பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் எடுத்தது. அன்றைக்கே கை வெடித்திருந்தால் பதிந்ததே அரைகுறைதான். தாலுகா அலுவலகத்தில் இருக்கும் ஆதார் மையம், தபால் நிலையம், சில வங்கிக் கிளைகள் ஆகிய இடங்களில் செய்கிறார்கள். 2025 அக்டோபர் முதல் ரேகை, கருவிழி, முகப்படப் புதுப்பித்தலுக்குக் கட்டணம் 125 ரூபாய். ரசீது கட்டாயம் கேட்டு வாங்குங்கள், அதில் இருக்கும் எண்ணை வைத்துத்தான் பிறகு நிலை பார்க்க முடியும். புதுப்பித்தல் ஏற 90 நாள் வரை ஆகலாம். அவசரப்பட்டு இரண்டாம் தடவை போட வேண்டாம்.

புதுப்பிக்கப் போகும் நாள் விரல் நல்ல நிலையில் இருக்கும் நாளாக இருக்கட்டும். வேலைக்குப் போகிறவர் என்றால் பத்துப் பதினைந்து நாள் கார வேலையிலிருந்து விலகியிருந்து போவது நல்லது. கெட்ட விரலைப் பதிந்துவிட்டு வந்தால் இன்னும் சில வருடத்துக்கு அந்தக் கெட்ட படத்தோடுதான் மல்லுக்கட்ட வேண்டும். அங்கே இடது நான்கு, வலது நான்கு, இரண்டு பெருவிரல் என்று மூன்று தடவையாக எடுப்பார்கள். தரம் போதாவிட்டால் திரும்பத் திரும்ப எடுத்து, கடைசியில் இருப்பதில் நல்லதை ஏற்றுக்கொள்ளும்படி மென்பொருளிலேயே வழி இருக்கிறது. கூடவே இரண்டு கருவிழியும் முகமும் பதிவாகும். கருவிழி சரியாக விழுந்ததா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள், அம்மாயிக்கு இனி அதுதான் கை கொடுக்கப் போகிறது. கண்புரை முற்றியிருந்தாலோ ஆபரேஷன் செய்து சில நாளே ஆகியிருந்தாலோ கண் ஆறிய பிறகு போகலாம்.

விரலே இல்லாதவர்களுக்கும் ஆதார் உண்டு. விசைத்தறி, மட்டை மிஷின், கரும்பு ஆலை, பவர் பிரஸ் என்று கையைப் பறிகொடுத்தவர்கள் நம் பக்கம் கொஞ்சமில்லை. எந்த விரல் இல்லை என்று படிவத்தில் குறித்து, முகமும் இரண்டு கையும் தெரியும்படி ஒரு படம் எடுத்து, மேற்பார்வையாளர் தன் ரேகையை வைத்து ஒப்புதல் தந்து பதிவு செய்ய வேண்டும். விரல் இல்லாவிட்டால் கருவிழி, கருவிழி முடியாவிட்டால் ரேகை, இரண்டும் முடியாவிட்டால் பெயர், பாலினம், முகவரி, பிறந்த வருடம், படத்தோடு பதிவு. கேரளத்தில் குமரகத்தைச் சேர்ந்த, விரல்கள் இல்லாத ஒரு பெண்ணுக்கு ஆதார் மறுக்கப்பட்ட செய்தி 2023 டிசம்பரில் ஒன்றிய அமைச்சர் வரை போனது. அதையொட்டி அரசு வெளியிட்ட அறிக்கையில் இந்த நடைமுறையைத் திரும்ப விளக்கி, இப்படி விரலோ கருவிழியோ இரண்டுமோ தர முடியாத ஏறக்குறைய 29 லட்சம் பேருக்கு ஆதார் கொடுத்திருப்பதாகச் சொன்னது. மையத்தில் "முடியாது" என்று திருப்பி அனுப்பினால் மேற்பார்வையாளரைக் கூப்பிடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஆதார் உதவி எண் 1947க்கு அங்கேயே நின்று ஃபோன் செய்யுங்கள்.

இப்போது அரிசிக்கு வருவோம். கார்டில் நான்கு பேர் இருந்தால் யாராவது ஒருவர் ரேகை வைத்தால் போதும். தனிக் கார்டு என்பதுதான் அம்மாயிக்குச் சிக்கல். கடையில் கருவிழி பார்க்கும் கருவி இருக்கிறதா என்று கேளுங்கள், தமிழ்நாட்டில் பல கடைகளுக்கு வந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றி, நேராக உட்கார்ந்து, கண்ணை அகலமாகத் திறந்து வைக்க வேண்டும். வாசல் வெளிச்சம் கண்ணில் பளிச்சென்று விழாதபடி முதுகைக் காட்டி உட்காருவது நல்லது.

அதுவும் முடியாது, அல்லது நடந்து போகவே முடியாது என்றால் தமக்குப் பதிலாக ஒருவரை அனுப்பும் அங்கீகாரப் படிவம் இருக்கிறது. கடையிலேயே கேட்டு வாங்கி, யார் வாங்க வருவார் என்ற விவரத்தை எழுதி, அட்டைதாரர் ஒப்பமிட்டுக் கொடுக்க வேண்டும். இது தவிர 2025 ஆகஸ்ட்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் வயது முதிர்ந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே பொருள் கொண்டுவந்து தருகிறார்கள். அம்மாயியின் வயதுக்கு அது பொருந்துமா என்று கடையில் கேட்டுப் பாருங்கள்.

ஒடிசா, பீகாரிலிருந்து திருப்பூருக்கு வந்து சாயப்பட்டறையில் இருப்பவர்களுக்கு நிலைமை இன்னும் இறுக்கம். ஒரே நாடு ஒரே ரேசன் முறையில் நம் கடையில் பொருள் வாங்க ரேகையோ கருவிழியோதான் திறவுகோல், குடும்பமோ ஊரில். அவர்கள் வந்த உடனே கருவிழிப் பதிவைச் சரிபார்த்துக்கொள்வது அவசியம்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 2017 அக்டோபர் 24 அன்று ஆதார் ஆணையம் வெளியிட்ட சுற்றறிக்கை, ரேகை விழாவிட்டால் கருவிழி, அதுவும் முடியாவிட்டால் ஓடிபி, எதுவுமே முடியாவிட்டால் ஆதார் அட்டையைப் பார்த்துத் தனிப் பதிவேட்டில் எழுதிப் பொருளைக் கொடுக்க வேண்டும் என்கிறது. பதிவேட்டில் எழுதிக் கொடுங்கள் என்று கேட்பது சலுகை கேட்பது ஆகாது. கடைக்காரரோடு சண்டை போட வேண்டியதும் இல்லை. அவருக்கு இருப்புக் கணக்குப் பயம் இருக்கும், பதிவேடும் எழுதிய மனுவும் இருந்தால் அவருக்கும் அது பாதுகாப்பு.

பென்ஷன் பணத்தில் நிலைமை வேறு. ஊருக்குள் சின்ன மிஷினோடு வரும் வங்கி முகவரிடம் எடுப்பது ஆதார் வழிப் பணம் எடுக்கும் முறை, அதற்கு ரேகைதான் வழக்கம். ஆனால் கணக்கு வங்கியில் இருக்கிறது, கிளைக்குப் போய் எடுக்க யாரும் தடை சொல்ல முடியாது. கையெழுத்துப் போட முடியாத முதியவர் கைநாட்டோ கால்விரல் நாட்டோ வைத்து, இரண்டு சாட்சிகள் அடையாளம் காட்ட, அதில் ஒருவர் பொறுப்பான வங்கி அலுவலராக இருந்து பணம் எடுக்கலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. நாட்டு வைக்கவும் முடியாதவர் ஒரு குறி இட்டாலும் போதும். அந்த மைநாட்டு எந்த மிஷினோடும் ஒத்துப்போக வேண்டியதில்லை, சாட்சிதான் அங்கே முக்கியம். 70 வயது தாண்டியவர்களுக்கு வீட்டுக்கு வந்து பணம் தரும் சேவையையும் வங்கிகளிடம் ரிசர்வ் வங்கி 2017லேயே கேட்டிருக்கிறது. ஏடிஎம் அட்டை வாங்கி, நம்பிக்கையான ஒருவர் கூடப் போவது இன்னொரு வழி.

முகவரிடம் ரேகை வைக்கும்போது ஒரு எச்சரிக்கை, இதை அம்மாயிக்கும் பொறுமையாகச் சொல்லுங்கள். "விழல, இன்னொருக்கா வைங்க" என்று ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் திரையில் எவ்வளவு தொகை இருக்கிறது என்று கூட இருப்பவர் பார்க்க வேண்டும். முதல் தடவையே பணம் கழிந்திருந்து, இரண்டாவது ரேகை இரண்டாவது எடுப்பாகப் போய்விடலாம். ஒவ்வொரு முயற்சிக்கும் சீட்டு கேளுங்கள், தோற்றதற்கும் சீட்டு வரும். கணக்கில் கழிந்து கையில் பணம் வராமல் போனால் ஐந்து நாளுக்குள் திரும்ப வரவு வைக்க வேண்டும், தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் ஈடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019ல் விதித்திருக்கிறது. சீட்டோடு கிளையில் எழுதிக் கொடுங்கள்.

மில் வேலையில் இருந்து பி.எஃப். பென்ஷன் வாங்கும் அப்பச்சிகள், அம்மாயிகள் உயிர்ச் சான்றுக்கு விரலோடு போராட வேண்டியதில்லை. முகத்தைக் காட்டியே டிஜிட்டல் உயிர்ச் சான்று கொடுக்கலாம். ஆண்ட்ராய்டு ஃபோனில் ஜீவன் பிரமாண் செயலியும் ஆதார் ஃபேஸ் ஆர்டி செயலியும் வேண்டும். முகத்தின் மேல் சீராக வெளிச்சம் விழும் இடம், பின்னால் வெறும் சுவர், கண்ணாடி இல்லாத முகம், சொல்லும்போது கண் சிமிட்டல், இவ்வளவுதான். பேரப்பிள்ளையின் ஃபோனிலேயே செய்யலாம். பி.எஃப். பென்ஷன்காரர்கள் வருடத்தில் எந்த மாதமும் கொடுக்கலாம், கொடுத்த நாளிலிருந்து 12 மாதம் செல்லும்.

எதுவும் நடக்கவில்லை என்றால் மனு. ரேசனுக்கு 1967 அல்லது 1800 425 5901. மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை தாலுகா அளவில் நடக்கும் பொது விநியோகக் குறைதீர் முகாமில் வட்ட வழங்கல் அலுவலரிடம் நேரில் கொடுப்பது ஃபோனைவிட வேகமாக நகரும். அதற்கும் பதில் இல்லாவிட்டால் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகம். மனு ஒரு பக்கம் போதும். குடும்ப அட்டை எண், கடை எண், எந்தெந்தத் தேதியில் போனார், திரையில் வந்த எண், செய்த தொழில், வயது, கருவிழிக் கருவி கேட்டபோது என்ன சொன்னார்கள் என்ற விவரத்தை எழுதி, ஆதார் இணையதளத்தில் எடுத்த அச்சையும் புதுப்பித்த ரசீதையும் இணையுங்கள். கேட்பது என்ன என்று கடைசி வரியில் தெளிவாக இருக்க வேண்டும்: பதிவேட்டில் எழுதி இந்த மாதப் பொருளை உடனே தரவும், இனி வரும் மாதங்களுக்கு அங்கீகாரப் படிவத்தை ஏற்கவும். இரண்டு நகல் எடுத்து, ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்கி அம்மாயியின் ரேசன் கார்டோடு வைத்துவிடுங்கள்.